சத்யா துரோகியா?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் சிறார் நாவலை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் ஓர் அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை மூடிவிட்டார்கள் என்று உமையாளும் சத்யாவும் கிளம்புகிற வரை வகுப்பே துள்ளியது. பாதியில் சத்யா ஒதுங்கியதும், 'அவ துரோகி டீச்சர்' என்று கோபப்பட்டார்கள். அவளை ஏன் அப்படி எழுதினீர்கள்? இன்னொன்று: பன்னிரண்டு வயதில் மனு, கிராம சபை எல்லாம் எதற்கு, படிப்புதான் கெடும் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அவருக்கு என்ன சொல்வது?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள டீச்சர்,

ஒரு வகுப்பே சத்யாவிடம் கோபித்துக்கொண்டது எனக்குச் சந்தோஷம். ஆனால் துரோகி என்று சொல்ல மனம் வரவில்லை.

வாய்க்காலில் கொட்டியது அவள் அப்பாவின் டிப்பர். லோன் போட்டு வாங்கிய வண்டி. இடித்த வீட்டுச் செங்கலையும் காரையையும் அள்ளி எங்காவது கொட்டினால்தான் அன்றைக்கு வாடகை. பகலில் ஊருணிக்காகப் பேசுகிற பிள்ளை ராத்திரி அதே அப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். கதைகளில் கெட்டவன் வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குவான். நம் பக்கத்து ஊர்களில் கொட்டினவர், பார்த்தும் பேசாமல் இருந்தவர், மனுவை வாங்கி வைக்கிறவர் எல்லாருமே தெரிந்த முகம். இதில் சத்யா வாயை மூடிக்கொண்டது அப்பாவைக் காப்பாற்றத்தான். பதினொரு வயதில் வேறு என்ன செய்வாள்?

பிள்ளைகள் அவசரத்தில் தாண்டிப்போன இடம் ஒன்று இருக்கிறது. உமையாள் வாய்க்காலில் இறங்கிக் காரைக்கட்டிகளைப் புரட்டுகிறாள். கையில் ஆத்தங்குடிப் பூக்கல் ஒன்றின் துண்டு, தரையில் பதிக்கிற பூப்போட்ட கல், அகப்படுகிறது. பாவாடையில் துடைத்துப் பார்க்கிறாள். பச்சைக் கரை, நடுவில் பாதி மஞ்சள் பூ. தங்கள் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) அவள் நொண்டி விளையாடிய அதே பூ. பங்காளிகள் கூடி விற்ற பெரிய வீடு அது. தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. விலைபோகாத மிச்சம் இங்கே கிடக்கிறது. விற்ற பணத்தில் அவள் அப்பாவுக்கும் பங்கு உண்டு.

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் ஓட்டுக்கூரைத் தண்ணீர் வளவில் விழுந்து, வடிகால் வழியாக வெளியேறி ஊருணிக்குப் போகும். ஊரைக் கட்டியவர்கள் அப்படி யோசித்துத்தான் கட்டினார்கள். அந்த வீட்டுச் செங்கலே அந்தத் தண்ணீரை மறித்துக் கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் உமையாள் சத்யா வீட்டு வாசலுக்குப் போய் நிற்கிறாள். 'எங்க வீட்டுக் கல்லுதான்டி அது' என்கிறாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நாவலையே எழுதினேன். அதைச் சொல்லாமல் அவள் கலெக்டர் வரைக்கும் மனு கொண்டுபோயிருந்தாலும் எனக்கு அவள் பெரிய பிள்ளையாகத் தெரிந்திருக்க மாட்டாள்.

சரி, உங்கள் சக ஆசிரியர். இந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வே நம்பரைப் போட்டு அரசு இணையதளத்தில் அ-பதிவேடு, அதாவது ஊரின் நிலக் கணக்கு, பார்க்கிறார்கள். கயிறு பிடித்து வாய்க்காலின் அகலத்தை அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். அப்புறம் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வாய்க்காலின் பதிவான அளவு என்ன என்று தகவல் கேட்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் எல்லாருக்கும் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது, வயது வரம்பு போடவில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். கணக்கு, தமிழ், சமூக அறிவியல் மூன்றும் இதில் இருக்கின்றன. படிப்பு எப்படிக் கெடும்?

கிராம சபையில் உறுப்பினராக வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். பிள்ளைகளுக்கு அது கிடையாது. அதனால்தான் கதையில் உமையாளின் அப்பத்தா எழுந்து பேசுகிறார். 2022-ல் தமிழக அரசு கிராம சபைக் கூட்டங்களை ஆண்டுக்கு 6 ஆக்கியபோது சேர்த்த நாட்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அந்த நாளையே கதைக்கு எடுத்துக்கொண்டேன். அப்பத்தா பேசப்பேச, பின்னால் நின்று நோட்டைப் பார்த்து அளவை எடுத்துக் கொடுப்பது சத்யா. 'ஆச்சி, பன்னெண்டு அடி, ஏழு இல்ல' என்று திருத்துகிறாளே, அந்த இடத்தில் அவளுடைய அப்பாவும் கூட்டத்தில் நிற்கிறார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் சக ஆசிரியரிடம் சொல்லுங்கள். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடி வேண்டாம் என்று இருப்பது பிள்ளைகளும்தான். அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து இதெல்லாம் உனக்கு எதற்கு என்று யாரும் கேட்க முடியாது.

வகுப்பில் ஒன்று செய்து பார்க்கிறீர்களா? டிப்பர் விஷயம் தெரிந்த அன்று ராத்திரி சத்யா வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் எழுதவில்லை. பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். துரோகி என்று சொன்ன பிள்ளை முதலில் எழுதட்டும். அவற்றை எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுகிறேன்.