சிக்கரி எவ்வளவு?

கேள்வி: மெக்சிகோவின் கலாச்சாரம் பூர்வகுடிகளும் ஸ்பெயின்காரர்களும் சேர்ந்து உண்டாக்கிய அழகான கலவை என்கிறார்களே, இதில் யார் பங்கு எத்தனை சதவீதம்?
– ஊர் மட்டும் போதும் என்ற வாசகர், மன்னார்குடி

பதில்: சதவீதம் என்று படித்ததும் எனக்கு மெக்சிகோ மறந்துபோய்க் காப்பிப்பொடிக் கடை ஞாபகம் வந்துவிட்டது. ‘80-20ஆ, 70-30ஆ?’ என்று கேட்டு, எதிரிலேயே அரைத்து, சூடு ஆறுமுன் பொட்டலம் கட்டித் தருவார்கள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக 60-40. ஒருமுறை குடகிலிருந்து நண்பர் ஒருவர் சிக்கரியே சேராத பொடி கொண்டுவந்தார். என் மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ‘என்ன மாப்பிள்ளே, இதிலே காப்பியே இல்லையே?’

மெக்சிகோவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் விகிதம் அச்சடித்திருக்காது. ஆனால் அச்சடிக்க ஒரு காலத்தில் முயன்றார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே ‘காஸ்டா’ ஓவியங்கள் என்று ஒரு வகை. அப்பா, அம்மா, பிள்ளை என்று கட்டத்துக்கு ஒரு குடும்பம், பெரும்பாலும் 16 கட்டம், ஒவ்வொன்றின் மேலும் ஒரு லேபிள். ஸ்பானியனுக்கும் பூர்வகுடிப் பெண்ணுக்கும் பிறந்தால் மெஸ்டிசோ. மெஸ்டிசோவும் ஸ்பானியப் பெண்ணும் சேர்ந்தால் காஸ்டிசோ. இன்னொரு ஸ்பானியச் சம்பந்தம் நடந்தால் பிள்ளை சுத்த ஸ்பானியன், கறை போயிற்று. இன்னும் கீழே இறங்கினால் ‘ஓநாய்’, ‘திரும்பிப் பின்னால் போ’, ‘அந்தரத்தில் நில்’ என்றெல்லாம் பேர் வைத்திருக்கிறார்கள். மனிதக் குழந்தைகளுக்கு! சில தொடர்களில் ஓவியரே களைத்துப்போய் ஒரு பிள்ளையின் தலைக்கு மேல் ‘நீ எனக்கு விளங்கவில்லை’ என்று எழுதிவிட்டார். அதுவும் ஓர் இனப் பெயர், ஐயா. நம் அலுவலகத்துக்கு வரும் கவிதைகளில் முக்கால்வாசிக்கு இனி இந்தத் தலைப்பில்தான் கோப்பு திறக்கச் சொல்லியிருக்கிறேன். கவிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபத்தையாவது விளங்கும்படி எழுதினால் பிரசுரிக்கிறேன்.

அந்தக் ‘காஸ்டா’வைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். நம் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் இங்குள்ள சாதியைப் பார்த்து அதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆங்கிலத்தின் ‘கேஸ்ட்’ அதிலிருந்து வந்தது. சொல் அவர்களுடையது, சரக்கு நம்முடையது.

இனி கலவை. மொலே என்று ஒரு குழம்பு. புவெப்லா நகரத்துச் சாந்தா ரோசா மடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர், முக்கிய விருந்தாளி வருகிறார் என்ற பதற்றத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அரைக்கப்போய், மொலே பிறந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். பேரே அஸ்தெக் பூர்வகுடிகள் பேசிய நாவாட்டல் மொழியின் ‘மொல்லி’. குழம்பு, தொக்கு எல்லாவற்றுக்கும் பொது. மிளகாய் அரைத்த மொல்லி வகைகளைச் சகாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். மிளகாய், வான்கோழி, சாக்லேட்டுக்கு மூலமான ககாவ் விதை அந்த மண்ணுடையவை. எள், பாதாம், கிராம்பு கப்பலில் வந்தவை. பட்டையோ இலங்கைப் பட்டை; இன்றைக்கும் மெக்சிகோக்காரர் அதைத்தான் தேடி வாங்குகிறார். இலங்கைக்கு எத்தனை சதவீதம் போடட்டும்?

இதை அரைக்கிற கல்லுக்கு மெட்டாட்டே என்று பேர். எரிமலைக் கல்லில் செதுக்கிய அம்மி. நம் அம்மிபோலத் தரையோடு படுத்துக் கிடக்காது. மூன்று குட்டைக் கால், அரைப்பவள் பக்கம் உயர்ந்து முன்னால் சரிந்திருக்கும். மண்டியிட்டு, குழவியின் இரண்டு முனையையும் பிடித்து, உடம்புப் பாரத்தை முன்னே தள்ளித் தள்ளி அரைக்க வேண்டும். மடத்துக் கதையில் கன்னியாஸ்திரிக்குப் பேர் உண்டு. மண்டியிட்டவளுக்கு இல்லை. ‘அழகான கலவை’ என்று யாராவது சொன்னால் என் கண் முதலில் முழங்காலைத்தான் தேடும்.

உங்கள் கணக்கில் இரண்டே பங்காளிகள் வேறு. வெராக்ரூஸ் மலைகளில் ஸ்பானியரை எதிர்த்து நின்று, அடிமைத்தளையை உடைத்தவர்களுக்கென்று ஊரே வாங்கிக்கொடுத்த ஆப்பிரிக்கர் யாங்காவை எங்கே வைப்பது? அந்த ஊருக்கு இன்று அவர் பேர்தான். இந்தியாவிலிருந்து கடத்தப்பட்டு, மணிலாவில் விற்கப்பட்டு, கப்பலேறி வந்து, 1688-இல் புவெப்லாவில் தவசீலியாகப் போற்றப்பட்டு இறந்த கத்தாரினாவை எந்தக் கட்டத்தில் உட்காரவைப்பது? நீ எனக்கு விளங்கவில்லை.

மெக்சிகோ நகரத்தில் த்லாத்தெலோல்கோ சதுக்கம் இருக்கிறது. அஸ்தெக் கோயிலின் இடிபாடு, பக்கத்தில் ஸ்பானியத் தேவாலயம், சுற்றிலும் புதுக் கட்டடங்கள். அங்குள்ள கல்வெட்டு, 1521 ஆகஸ்ட் 13 அன்று அந்த இடம் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேஸ் கையில் விழுந்ததைச் சொல்லிவிட்டு, ‘அது வெற்றியும் அல்ல, தோல்வியும் அல்ல, இன்றைய மெக்சிகோவான மெஸ்டிசோ மக்களின் வலி மிகுந்த பிறப்பு’ என்கிறது. நல்ல வசனம். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் செத்தவர்களின் கணக்கை முடித்துவிட்டார்கள். அதே சதுக்கத்தில் 1968 அக்டோபர் 2 அன்று மாணவர்களைச் சுட்டார்கள். அதற்கு ஒரு கல் நட 1993 ஆயிற்று. கலந்து முடிந்தது என்று கல்லில் வெட்டிய நாட்டில் இன்றும் 68 பூர்வகுடி மொழிகளுக்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றைப் பேசுகிறார்கள். அவர்கள் இன்னும் பாத்திரத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

நாவாட்டல் பேச்செடுத்ததால் ஒரு பழைய பாக்கி. ‘சப்போட்டா’ என்று எழுதாதே, ‘சீமை இலுப்பை’ என்று எழுது என்று ஒரு தனித்தமிழ் அன்பர் எட்டு வருஷமாக எனக்குக் கார்டு போடுகிறார். ‘ட்ஸாபோட்ல்’ என்ற நாவாட்டல் சொல் ஸ்பானியர் வாயில் ‘ஸபோட்டே’ ஆகி நம் தள்ளுவண்டிவரை வந்த கதையை நானும் எட்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். போன மாதம்தான் தாவரவியல் புத்தகத்தைப் புரட்டினேன். இலுப்பையும் சப்போட்டாவும் உண்மையிலேயே ஒரே குடும்பம். மனுஷர் சொன்னது சரி. ஆனால் அந்தச் ‘சீமை’ இருக்கிறதே, அது சமஸ்கிருதம். அடுத்த கார்டை எதிர்பார்க்கிறேன்.