பின்தங்கிய அரசுப் பள்ளியை மீட்கத் தலைமையாசிரியருக்குத் தனிப் பயிற்சி அவசியமா?

நல்ல ஆசிரியராக இருந்தவருக்கு, பின்தங்கிய பள்ளியொன்றைத் தூக்கி நிறுத்தத் தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம் என்பதே என் கருத்து. ஆனால் வகுப்பறை விரிவுரையாக நடக்கும் பயிற்சியால் பெரிய பயன் இராது.

தலைமையாசிரியர்களைப் பயிற்றுவிக்க நியூயார்க் நகரில் 2003-இல் தொடங்கப்பட்ட தலைமைத்துவ அகாடமி இதற்கு நல்ல சான்று. அதன் 14 மாதப் பயிற்சியில், முதற்கோடையில் மதிப்பெண் விவரமும் செலவுக் கணக்கும் ஆசிரியர் பூசல்களும் நிறைந்த கற்பனைப் பள்ளியொன்றைக் குழுவாக நடத்த வேண்டியிருந்தது. பிறகு பத்து மாதம் அனுபவமுள்ள தலைமையாசிரியரின் கீழ் உண்மையான பள்ளியில் வேலை. இரண்டாவது பகுதிதான் உயிர்நாடி என்பேன். ஆசிரியரின் பாடத்தைப் பின்வரிசையிலிருந்து கவனித்து, "நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அதே மூன்று பிள்ளைகள்தான் பதில் சொன்னார்கள்" என்று மனம் நோகாமல், அதே சமயம் மழுப்பாமல் அவரிடம் சொல்வதை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது.

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்பயிற்சி பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் பின்தங்கிய பள்ளிகளே வாய்த்தன; ஆயினும் அங்கு ஆங்கில மதிப்பெண்கள் ஒப்பீட்டளவில் மேம்பட்டன, கணிதத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. மாயாஜாலமில்லை, ஆனால் புறக்கணிக்கத்தக்கதும் அல்ல.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2004-இல் ஆளுநர் மார்க் வார்னர் காலத்தில், பின்தங்கிய பள்ளிகளை மீட்கத் தலைமையாசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய திட்டமோ, நாளடைவில் மாவட்டக் கல்வி அதிகாரிகளையும் பயிற்சிக்குள் இழுத்தது. ஆசிரியர் நியமனத்திலும் நேர அட்டவணையிலும் கைவைக்க மேலிடம் அனுமதிக்காவிட்டால், எவ்வளவு தேர்ந்த தலைமையாசிரியராலும் அதிகம் செய்ய இயலாது.