நடுவில் வைத்துச் சாப்பிடுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் அடிக்கடி சீன, தாய்லாந்து உணவகங்களுக்குப் போகிறோம். ஆளுக்கு ஒன்றாக ஆர்டர் கொடுக்கிறோம். ஒருவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இன்னொருவருக்குத் தட்டு வருகிறது. என்ன தவறு செய்கிறோம்?

பதில்: பெரும்பாலான சீன, தாய்லாந்து உணவகங்களில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் மேஜைக்கு வரும். நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்வதற்காகச் சமைத்த உணவு அது. ஆகவே ஆளைக் கணக்கிடாமல் மேஜையைக் கணக்கிட்டு ஆர்டர் கொடுங்கள். ஆறு பேருக்கு ஐந்து வகை, சோறு தனியாக. தட்டுகள் சிறியவை என்றால் ஆறு. தட்டின் அளவைப் பரிமாறுபவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையைவிடச் செய்முறை முக்கியம். பொரித்தது ஒன்று, ஆவியில் வெந்தது ஒன்று, பெரிய தீயில் வதக்கியது ஒன்று, சூப் அல்லது குழம்பு ஒன்று, கீரை ஒன்று என்று கலந்து எடுங்கள். கோழி, இறால், காலிஃபிளவர் என்று மூன்று வாங்கினாலும், மூன்றும் மாவில் தோய்த்துப் பொரித்து இனிப்புப் புளிப்பு சாஸில் புரட்டியவை என்றால் நாக்குக்கு ஒரே உணவுதான். பலர் தடுக்கி விழும் இடம் இதுவே.

முழு மீனை ஆவியில் வேகவைக்க நேரம் பிடிக்கும். அதை முதலில் சொல்லுங்கள். நூடுல்ஸைக் கடைசியில் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆறினாலே அது சாஸை உறிஞ்சி உருண்டையாகிவிடும். ஐந்து வகையில் நான்கை மட்டும் முதலில் சொல்லி, பசியைப் பார்த்து ஐந்தாவதைச் சொல்வது நல்லது. வாணலியில் வதக்குவது சில நிமிட வேலைதான்.

கேள்வி: எங்களில் இருவர் சைவம். ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. இந்தச் சமையல்களில் அசைவம் துண்டாகக் கண்ணில் படுவதைவிடச் சாறாகக் கலந்திருப்பதே அதிகம். தாய்லாந்துக் குழம்பு விழுதில் இறால் விழுது அரைத்திருப்பார்கள். பப்பாளி சாலட்டில் மீன் சாஸும் உலர்ந்த இறாலும் இருக்கும். சீனக் கீரை வதக்கலில் பளபளப்புக்கு ஆய்ஸ்டர் சாஸ் (சிப்பிச் சாறில் செய்தது) ஊற்றுவது வழக்கம். மாப்போ தோஃபு என்ற காரமான சோயாக் கட்டிக் குழம்பில் கொத்திறைச்சி உண்டு. ஜப்பானிய மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பின் அடிச்சாறான டாஷியைப் பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீனில்தான் எடுப்பார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறிலும் அதே டாஷி இருக்கும். புளிக்கவைத்த கொரிய ஊறுகாயான கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ் போலத் தெரியும். ஆனால் வழக்கமான செய்முறையில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ சேர்கிறது. வியட்நாமிய நூடுல்ஸ் உணவான ஃபோவின் சூப் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்தது. மேலே காய்கறி மிதந்தாலும் அது சைவமாகாது.

அதனால் ‘சைவமா?’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘மீன் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், இறால் விழுது, எலும்புச் சாறு, முட்டை இவற்றில் எது இருக்கிறது?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மெனுவில் தாய்லாந்து உணவுக்கு ‘ஜே’, வியட்நாமிய உணவுக்கு ‘சாய்’ என்ற குறிப்பு இருந்தால் நிம்மதி. இரண்டும் பௌத்த மரக்கறி முறையைக் குறிப்பவை. ஜே உணவில் வெங்காயம், பூண்டு, முட்டை, பால் ஆகியவையும் கிடையாது. சைவத் தட்டுகளை மேஜையின் ஒரு பக்கமாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி போடுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாமை. நடுவில் வைத்துப் பகிரலாமா?

பதில்: ஒவ்வாமை கடுமையானது என்றால் வேண்டாம். அவருக்குத் தனித் தட்டு வாங்குங்கள். சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி), பாட் தாய் (தாய்லாந்து நூடுல்ஸ்), மசமன் குழம்பு மூன்றிலும் கடலை உண்டு. கடலை தூவாத உணவும் அதே வாணலியில், அதே கரண்டியால் செய்யப்பட்டிருக்கலாம். சில இடங்களில் எண்ணெயே கடலை எண்ணெய். சமையலறையில் விசாரித்துத் திட்டவட்டமான பதில் கிடைக்காவிட்டால் வேறு உணவகம் பாருங்கள். மருத்துவர் தந்த அவசர ஊசி அவரிடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டியது சோயா சாஸ்; வழக்கமான வகைகளில் கோதுமை உண்டு.

கேள்வி: ஹாட்பாட் (மேஜையிலேயே கொதிக்கும் சூப்பில் போட்டு வேகவைத்து உண்பது) சாப்பிடும்போது சூப் கலங்கி, இறைச்சி ரப்பராகிவிடுகிறது. ஏன்?

பதில்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுவதால்தான். குளிர்ந்த பொருள் மொத்தமாக விழுந்தால் சூப்பின் சூடு இறங்கிவிடும். மறுபடி கொதி வருவதற்குள் மெல்லிய இறைச்சி தேவைக்கு மேல் ஊறி இறுகிவிடும். உருளைக்கிழங்கு, தாமரைத்தண்டு போன்ற கெட்டியானவற்றை முதலில் போடுங்கள். மெல்லிய துண்டுகளுக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். தாள் போலச் சீவிய மாட்டிறைச்சியைப் பானையில் விட்டுவிடாமல் இடுக்கியில் பிடித்தபடி கொதியில் அலசுங்கள். நிறம் மாற 15 முதல் 20 விநாடி போதும். கோழி, பன்றி இறைச்சிகளை உள்வரை வேகவிட வேண்டும். இறால் சுருண்டு, ஒளி ஊடுருவாத வெண்மையாக மாற இரண்டு மூன்று நிமிடம். கீரைக்கு அரை நிமிடம். நூடுல்ஸின் மாவு சூப்பைக் கலக்கிவிடும் என்பதால் அது கடைசியில்.

கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி உப்பு ஏறும். அப்போது உப்பில்லாத சாறோ வெந்நீரோ கேட்டு ஊற்றுங்கள். மிக அவசியமானது ஒன்று: பச்சை இறைச்சி எடுக்கும் இடுக்கியும் சாப்பிடும் சாப்ஸ்டிக்கும் வேறு வேறாக இருக்கட்டும். இரண்டு அறை கொண்ட பானையைச் சைவத்துக்கும் அசைவத்துக்கும் பிரித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு: கொதியில் சூப் தெறிக்கும். கண்டிப்பான சைவருக்குத் தனிப் பானைதான் சரி.

கேள்வி: சீனாவின் சிச்சுவான் மாகாண உணவில் நாக்கு மரத்துப்போகிறது. கெட்டுப்போன உணவா?

பதில்: இல்லை, சிச்சுவான் மிளகின் குணம் அது. கூடவே மிளகாய்க் காரமும் சேரும். தண்ணீர் குடித்தால் காரம் வாய் முழுக்கப் பரவும்; சோறோ பாலோ உதவும். மேலே மிதக்கும் வற்றல் மிளகாயைச் சாப்பிடத் தேவையில்லை, ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாதவர் கரண்டி கேட்டால் மரியாதைக் குறைவா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். தாய்லாந்தில் சோறு சாப்பிடுவதே கரண்டியால்தான். முள்கரண்டி, உணவைக் கரண்டியில் தள்ளுவதற்கு. கொரியர்கள் சோற்றுக்கும் சூப்புக்கும் கரண்டியையே எடுக்கிறார்கள். ஜப்பானின் சுஷியை (சோற்று உருண்டை மேல் மீன் வைத்தது) கையால் சாப்பிடலாம். தொடும்போது சோற்றுப் பக்கத்தை விட்டு மீன் பக்கத்தைச் சோயா சாஸில் தொடுங்கள், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்கு ஏற்றும் ஊதுபத்தியை அது நினைவூட்டும். ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து மற்றவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றவும் கூடாது. ஜப்பானில் தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

கேள்வி: மீந்ததை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா?

பதில்: சுஷி, பச்சை மீன் வேண்டாம். சோற்றையும் ஃபிரைடு ரைஸையும் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க முடிந்தால் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வேகவைத்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் கிருமி வித்துகள் அறைச் சூட்டில் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூப்பையும் நூடுல்ஸையும் தனித்தனி டப்பாவில் கட்டித் தரச் சொல்லுங்கள்.