அழிந்துபோன அனத்தோலிய மொழிகளின் (இன்றைய துருக்கிப் பகுதியில் பண்டு வழங்கியவை) சொற்களுக்கு எப்படிப் பொருள் காண்கிறார்கள்? உறவு மொழிச் சொற்களோடு வேரை ஒப்பிட்டுப் பார்ப்பது போதாதா?

போதாது. அம்மொழிகளில் ஒன்றான லிசியத்தில் நான் மிகவும் நேசிக்கும் ஒரு சொல்லை வைத்தே விளக்குகிறேன்: 'திதெய்மி'.

லிசியா என்பது இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கடலோரம். கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் அங்கே கல்லறை எழுப்பியவர்களில் பலர், கட்டியவர் யார், யாருக்காகக் கட்டினார் என்பதை அதன் முகப்பிலேயே வெட்டிவைத்தார்கள். கல்லறைக்குக் கல்லறை கிட்டத்தட்ட அதே வாசகம்தான். பெயர்கள் மட்டும் மாறும். லிமிரா என்ற ஊரில் உள்ள ஒரு கல்லறையில் லிசியத்தோடு கிரேக்க வாசகமும் இருக்கிறது: பர்மெனோனின் மகன் சிதாரியோஸ் தனக்கும் தன் மனைவிக்கும் மகன் புபியாலேசுக்கும் இந்த நினைவிடத்தை அமைத்தான். பெயர்கள் இரண்டு மொழியிலும் வருவதால் எந்தச் சொல் எதற்கு நேர் என்று பொருத்திப் பார்க்க முடிகிறது. மனைவி வரும் இடத்தில் 'லதி'. மகன் வரும் இரண்டு இடங்களிலும் 'திதெய்மி'.

இனி வேரைப் பாருங்கள். உறவு மொழியான லூவியத்தில் இதற்கு இணையான சொல்லின் பொருள் 'பாலூட்டப்பட்டவன்'. அந்த வேர் மட்டுமே கையில் இருந்திருந்தால் பால்குடிப் பிள்ளை என்றோ, வளர்ப்புப் பிள்ளை என்றோதான் எழுதியிருப்போம். ஆனால் மனைவியும் மகனும் உள்ள சிதாரியோசும் தன் தந்தைக்குத் திதெய்மிதான்! சொல் எங்கிருந்து வந்தது என்பதை வேர் அழகாகக் காட்டுகிறது. லிசியர் அதை என்ன பொருளில் ஆண்டார்கள் என்பதைக் கல்தான் சொல்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

1973இல் லிசியாவின் லெத்தூன் கோயில் வளாகத்தில் லிசியம், கிரேக்கம், அரமேயம் மூன்றிலும் எழுதிய கல்வெட்டு கிடைத்தது. 'கௌனோஸ் மன்னன்' என்று அழைக்கப்பட்ட தெய்வத்துக்கு வழிபாடு ஏற்படுத்திய ஆணை அது. கல்லறை வாசகங்களில் தலைகாட்டாத பலி, பூசை சார்ந்த சொற்களுக்கு அதனால் துணை கிடைத்தது.

மிலியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லிசியத்தின் நெருங்கிய உறவான அந்த மொழியில் நீண்ட வாசகம் என்று சொல்லத்தக்கவை இரண்டே. அவற்றில் ஒன்று சாந்தோஸ் நகரத் தூணில் இருக்கிறது. அதே தூணில் 12 அடிக் கிரேக்கப் பாடல் இருந்தும் அது மொழிபெயர்ப்பு இல்லை. மிலியச் சொல் பலவற்றுக்கு வேர் ஒப்பீட்டையே நம்ப வேண்டியிருப்பதால், நேர்மையான அகராதிகள் பொருளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இடுகின்றன. அந்தக் கேள்விக்குறியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுபவர்களை நம்பாதீர்கள்.