புது பிரேக் பேட் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: ஸ்கூட்டரின் முன் டிஸ்க் பிரேக்குக்குப் புது பேட் போட்டு மூன்று நாள் ஆகிறது. பழையது அளவுக்குக்கூடப் பிடிக்கவில்லை. டிஸ்க் வழவழப்பாகிவிட்டது, அதையும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். வழவழப்பாக இருப்பதால் பிடிக்கவில்லை என்பதே தப்பு. உராய்வு என்றால் சொரசொரப்பு என்று பள்ளியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அந்த ஒரு வரியை நம்பித்தான் நல்ல டிஸ்க்கையெல்லாம் கழற்றி வீசுகிறோம்.

வழவழப்பான உலோகமும் மைக்ரோஸ்கோப்பில் மேடும் பள்ளமும்தான். இரண்டை வைத்து அழுத்தினால் மேட்டு நுனிகள் மட்டுமே தொடும். மொத்த அழுத்தமும் அந்தச் சின்ன நுனிகளில் இறங்குவதால் அவை நசுங்கி, இரண்டு பக்கத்து அணுக்களும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டை அறுத்துக்கொண்டே நகர வேண்டியிருப்பதுதான் உராய்வில் பெரும்பங்கு. பௌடன், டேபர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1939-லேயே இப்படித் தொடும் பரப்பு எவ்வளவு சிறியது என்று காட்டிவிட்டார்கள்.

சரி, உங்கள் பேட்டுக்கு, அதாவது பிரேக் பிடிக்கும்போது சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டைக்கு வருவோம். ஓட ஓட பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படியும், அது படிந்த பிறகுதான் பிடிப்பு சீராகும். உங்களுக்கு இன்னும் படியாமல் இருக்கலாம். காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு மெதுவாகக் குறையுங்கள், முழுக்க நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு 20 முறை.

கீச் சத்தம் வந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடு என்பவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள். கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் படலம் போதும், அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். டிஸ்க்கில் பட்டால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். பேட்டில் பட்டால் அப்படியில்லை. பேட்டுக்குள் நுண்துளைகள் உண்டு, எண்ணெய் உள்ளே இறங்கிவிடும், உப்புத்தாளில் தேய்த்தாலும் அடுப்பில் காட்டினாலும் சூடானதும் மறுபடி கசியும். அந்த ஜோடியைத் தூக்கி எறியத்தான் வேண்டும். உங்கள் மெக்கானிக் பேட் மாட்டும்போது கிரீஸ் கையோடு தொட்டாரா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். வண்டியை வாங்கும்போது ஒருவரும் இதைச் சொல்வதில்லை, சர்வீஸிலும் சொல்வதில்லை, எனக்கு இதுதான் பெரிய ஆத்திரம். வெர்னியர் வைத்து உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள், வழவழப்பு என்பதற்காக மாற்றாதீர்கள்.