‘ஆல்’ முன்னே, ‘நாட்’ பின்னே: விளக்கக் கடிதத்தில் ஒரு பொறி

கேள்வி: நான் விற்பனைப் பிரிவில் பணிபுரிகிறேன். வசூலித்த 25,000 ரூபாயைக் கட்டவில்லை என்று விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் மெமோ வந்திருக்கிறது. நான் வசூலித்தது 18,000 ரூபாய்தான். அதைக் கட்டத் தாமதமானது உண்மை. மீதி என் கைக்கு வரவே இல்லை. பதிலில் ‘பார்ட்லி ட்ரூ’ என்பதா, ‘பார்ஷியலி ட்ரூ’ என்பதா? டைப் செய்பவரோ ‘ஆல் தி அலிகேஷன்ஸ் ஆர் நாட் ட்ரூ’ என்று அடித்துத் தந்திருக்கிறார்.

பதில்: நீங்கள் கேட்ட இரண்டு சொற்களில் எதை எழுதினாலும் பெரிய கேடு இல்லை, டைப் செய்பவரின் வாக்கியத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அதை ‘எதுவுமே உண்மையில்லை’ என்றும் படிக்கலாம், ‘எல்லாமே உண்மை என்று சொல்ல முடியாது’ என்றும் படிக்கலாம். முதற்பொருளில் படிப்பவர், நீங்கள் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்த 18,000 ரூபாயையும் மறுத்துவிட்டீர்கள் என்றே கொள்வார். ரசீதுகள் வெளியே வரும்போது நீங்கள் பொய் சொன்னவராக நிற்பீர்கள். ‘நாட்’ என்பதை முன்னே கொண்டுவந்து ‘நாட் ஆல் தி அலிகேஷன்ஸ் ஆர் ட்ரூ’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. பழைய பதில்களின் நகலை வைத்துக்கொண்டு பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக் காசு வாங்குகிறவர்களிடம் இத்தகைய கடிதத்தை ஒப்படைக்காதீர்கள்.

பிரித்துக் காட்டக்கூடிய ஒன்றில் ஒரு பகுதி உண்மை என்றால் ‘பார்ட்லி’ பொருந்தும்; உங்களுக்கு வேண்டியது அதுவே. ‘பார்ஷியலி’ என்பது குறைந்த அளவைச் சொல்வது. ‘வேலையில் கவனக்குறைவு’ என்று குற்றம் சாட்டினால், அதை இந்தப் பகுதி, அந்தப் பகுதி என்று வெட்ட முடியாது. ஓரளவு உண்மை என்றுதான் ஒப்புக்கொள்ள முடியும், அங்கே ‘பார்ஷியலி’ சரி. தொகை, தேதி, ரசீது என்று எண்ணிப் பிரிக்க முடிந்த எதற்கும் அது வேண்டாம். ‘ஹாஃப் ட்ரூத்’ என்று எழுதவே எழுதாதீர்கள்: வேண்டுமென்றே பாதியை மறைத்தார் என்று உங்கள் மேலதிகாரியையே குற்றம் சாட்டுவதாகிவிடும்.

ஆனால் ‘பார்ட்லி ட்ரூ’ என்பதோடு நிறுத்தினால் எந்தப் பகுதி உண்மை என்பதைப் படிப்பவரே முடிவுசெய்துகொள்வார். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 8, விதி 4 இதைத்தான் பேசுகிறது: ஒரு தொகையைப் பெற்றதாகச் சொல்லப்பட்டால், அந்தத் தொகையைப் பெறவில்லை என்று மறுத்தால் போதாது, அதையோ அதன் எந்தப் பகுதியையோ பெறவில்லை என்று மறுக்க வேண்டும், அல்லது எவ்வளவு பெற்றோம் என்று சொல்ல வேண்டும். மெமோவுக்கான பதில் நீதிமன்ற எதிருரை அல்ல என்றாலும் அந்த முறை உங்களைக் காக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் கோடிட்ட இடங்களை நிரப்ப வைக்கும் நம் பள்ளிகள், ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றொன்றை மறுக்கும் ஒரு கடிதத்தை எழுதக் கற்றுத்தராமலே அனுப்பிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படி எழுதுங்கள்: ‘ஐ அட்மிட் தட் ஐ கலெக்டெட் ருபீஸ் 18,000 அண்ட் தட் ஐ ரெமிட்டெட் இட் லேட். ஐ டினை தட் ஐ ரிசீவ்ட் தி பேலன்ஸ் ஆஃப் ருபீஸ் 7,000, ஆர் எனி பார்ட் ஆஃப் இட்.’ வசூல் ரசீதுகளின் எண்களையும் பணம் கட்டிய தேதியையும் அதன் கீழேயே சேர்த்துவிட்டு, பிறகு கையெழுத்திடுங்கள்.