பழைய கிராண்ட் பியானோ: ஆக்‌ஷன் (கீயை அழுத்தினால் தந்தியை அடிக்கும் உள்பொறி) சந்தேகங்கள், கேள்வி பதில்

முத்தியால்பேட்டை: அண்ணே, ஐப்பசி மழை ஆரம்பித்தால் நடுவில் நாலைந்து கீ அழுத்திய இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?

கீயை மேலே கொண்டுவருவது ஸ்பிரிங் இல்லை, எடைதான். ஈரத்தில் ஃபெல்ட்டும் மரமும் ஊதியிருக்கும். கீயை இடவலமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அளவாவது அசைய வேண்டும். அசையவில்லை என்றால் கீயில் பிடிப்பு. அதற்கான இடுக்கியால் ஃபெல்ட்டை மெல்ல அமுக்கினால் போதும். கீ தாராளமாக ஆடுகிறது என்றால் ஹேமரின் (தந்தியை அடிக்கும் சுத்தியலின்) சென்டர் பின், அதாவது அது திரும்பும் அச்சாணிதான் இறுகியிருக்கும். எது எப்படியோ, தேங்காய் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ வேண்டாம். ஃபெல்ட்டில் எண்ணெய் இறங்கிவிட்டால் அப்புறம் அந்த ஃபெல்ட்டையே மாற்ற வேண்டிவரும்.

மஞ்சக்குப்பம்: ஆக்‌ஷனை நானே வெளியே இழுக்கலாமா சார்?

இழுக்கலாம், அவசரப்படாமல். கீகளை மூடும் பலகை, அவற்றின் இரண்டு ஓரக்கட்டைகள், முன்பட்டை ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக உங்களை நோக்கி இழுங்கள். கை எந்தக் கீயிலும் படக்கூடாது. ஒரு கீ அமுங்கினாலும் அதன் ஹேமர் மேலே எழும்பி முறுக்காணிப் பலகையில் (தந்திகளை முறுக்கும் ஆணிகள் பதிந்த பலகை) மாட்டிக்கொள்ளும். தண்டு சட்டென்று முறியும். நான் ஒட்டிக் கொடுத்த தண்டுகளில் பெரும்பாலானவை இப்படி முறிந்தவைதான். டாம்பர்கள் (தந்தியின் ஒலியை அடக்கும் ஃபெல்ட் கட்டைகள்) உள்ளேயே நிற்கும், பயப்பட வேண்டாம்.

நெல்லித்தோப்பு: மெதுவாக வாசித்தால் சில சுரம் கேட்பதே இல்லை. வேறு சில ஒரே தட்டுக்கு இரண்டு முறை அடிக்கின்றன.

இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதற்கு, ஒரு கீயை மிக மெதுவாக அழுத்தி ஹேமரையே பாருங்கள். தந்திக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது அது விடுபட்டுக் கீழே இறங்க வேண்டும். முன்னதாகவே இறங்கிவிட்டால் மெல்லிய ஒலி வராது. இறங்காமல் தந்தியில் ஒட்டி நின்றால் ஒலி செத்துப்போகும். ஆனால் அது விடுபடும் இடத்தை மாற்றும் திருகைத் தொடும் முன் கீ அமுங்கும் ஆழத்தையும் (சுமார் 10 மி.மீ.) ஓய்வில் ஹேமருக்கும் தந்திக்கும் உள்ள தூரத்தையும் (சுமார் 45 மி.மீ.) அளந்துவிடுங்கள். அவை தப்பாக இருக்கும்போது இதை மட்டும் திருகினால் அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

இரட்டை அடிக்குக் காரணம் பெரும்பாலும் ரிபெடிஷன் ஸ்பிரிங். 1821இல் பியானோ தயாரிப்பாளர் எரார் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வழிவந்தது அது. கீ முழுதாக மேலே வருவதற்குள் அடுத்த அடிக்குத் தயாராவது அதனால்தான். கீயை அழுத்தி, அடித்துத் திரும்பும் ஹேமரைப் பின்பிடி (கீயின் பின்முனையில் அதைப் பிடித்து நிறுத்தும் கட்டை) கவ்வியதும், கீயைச் சற்றே விடுங்கள். ஹேமர் நிதானமாக எழ வேண்டும். துள்ளினால் ஸ்பிரிங் விறைப்பு அதிகம்.

கடற்கரைச் சாலைப் பக்கம்: ராத்திரி மட்டும் ஏசி போடுகிறோம். நல்லதுதானே?

ஈரம் ஏறி இறங்குவதுதான் கெடுதல். அறையில் ஒரு ஈரமானி வைத்து, முடிந்தவரை 40க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் ஒரே சீராக வைத்திருங்கள். கடல் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

கடலூர் முதுநகர்: தாத்தா காலத்துப் பிரெஞ்சு பியானோ. ஆக்‌ஷன் முழுக்கச் சரிசெய்யச் சொல்லட்டுமா?

முதலில் முறுக்காணிகள் பிடிக்கின்றனவா, ஒலிப்பலகை பிளந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆணி வழுக்கினால் சுருதி நிற்காது, ஆக்‌ஷனுக்குப் போட்ட காசு வீண். இன்னொன்று: பிரான்சில் 1859இல் நடு ஏ சுரத்துக்கு 435 ஹெர்ட்ஸ்தான் சட்டப்படி சுருதி. பழைய துருப்பிடித்த தந்திகளை ஒரே மூச்சில் இன்றைய 440க்கு ஏற்றச் சொல்லாதீர்கள், அறுந்துவிடும்.